ஆட்டுக்காலும் தேக்காவும்

(பரிசளிப்பு விழாவில் தமிழாசிரியர் ஆற்றிய உரை)



ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ஆங்கிலத்தில் ‘டிராட்டர்’ என்று ஒரு பழைய சொல் உண்டு. சமையலுக்கு வாங்கும் ஆட்டுக்கால், பன்றிக்காலுக்கு அந்தப் பெயர். ‘டிராட்’ என்றால் குதிரை துள்ளுநடையாக ஓடுவது. பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஓடுகிற காலுக்கு ‘ஓடுவது’ என்று பெயர் வைத்தார்கள். அவ்வளவுதான் சங்கதி!

இனி சிங்கப்பூர்த் தேக்கா சந்தைக்கு வாருங்கள். நாம் ஆட்டுக்கால் வாங்கும் அந்தச் சந்தையின் பெயரிலேயே ஒரு கால் இருக்கிறது, தெரியுமா? ஹொக்கியன் சீனத்தில் ‘தேக்’ என்றால் மூங்கில்; ‘கா’ என்றால் கால். நாம் மரத்தடி என்கிறோமே, அதுபோல மூங்கிலடி. 1982இல் சந்தை புதிய கட்டடத்துக்குப் போனபோது, மாண்டரின் உச்சரிப்பில் ‘ஜூஜியாவ்’ என்று பெயரிட்டார்கள். குரலை ஒரு எழுத்தில் மாற்றினால் அது ‘பன்றிக்கால்’ ஆகிவிடும்! சனங்களோ தேக்கா என்பதை விடவில்லை. 2000ஆம் ஆண்டில் தேக்கா என்ற பெயரே பலகையில் ஏறியது.

நம்ம ‘கால்’ மட்டும் இளைத்ததா? கால் கிலோ, கால் மணி என்கிறோம். ஆட்டுக்கு நாலு கால். நாலில் ஒன்று கால். வடமொழியிலும் ‘பாதம்’ என்பது காலையும் குறிக்கும், காற்பங்கையும் குறிக்கும். மூன்று கால் சேர்ந்தால் முக்கால். மூன்று கால் வைத்தால் முக்காலி. கணக்குப் பாடமே ஆட்டுக்காலில் நிற்கிறது!

பெற்றோர்களே, இதை ஏன் சொல்கிறேன்? ‘டிராட்டர்’ என்றால் கௌரவம், ‘ஆட்டுக்கால்’ என்றால் மட்டம் என்று சில பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். வீட்டுப் பேச்சு மட்டம் என்று நினைக்கிற பிள்ளை, நாளைக்கு அதைப் பேசுகிற அப்பா அம்மாவையும் மட்டமாகத்தானே நினைக்கும்? ஆங்கிலம் நன்றாகப் படிக்கட்டும்; வேண்டியதுதான். ஆனால் எந்த மொழியானாலும் சொல் பிறந்தது ஆடு மேய்த்த இடத்திலும் சந்தையிலும்தான். உழைக்கிற சனங்களின் வாயில்தான்.

மாணவச் செல்வங்களே, இன்றிரவு வீட்டில் ‘கால்’ வருகிற சொற்களைக் கேட்டு எழுதுங்கள். வாய்க்கால், பந்தக்கால், நாற்காலி என்று தாத்தா பாட்டி சொல்லச் சொல்ல நோட்டு நிறையும். அதுவும் ஒரு பரிசுதான்.

வாழ்க தமிழ்!