உப்பிட்டவரும் உழைத்தவரும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

இன்று பேசுதற்கு எனக்கு அளிக்கப்பட்ட பொருள் 'தொழில் செய்யுமிடத்தில் நீதி' என்பதாகும். இவ்வாறான விழாக்களில் உயர்ந்த தத்துவங்களைப் பேசுவதே வழக்கம். ஆயினும், இங்குள்ள இளைஞரிற் பலர் நாளைக் காலை ஒரு கடைக்கோ காரியாலயத்துக்கோ தொழிற்சாலைக்கோ போகவேண்டியவர்கள். பெரியோரிற் சிலர் அத்தகைய கடைகளை நடத்துபவர்கள். இருதிறத்தாரும் ஒருங்கே அமர்ந்திருக்கும் சபையைவிட இப்பொருளைப் பேசுதற்கு ஏற்ற இடம் வேறில்லை.

தொழிலாளர் குறை என்றவுடன் நம் மனக்கண்முன் வேலைநிறுத்தமும் ஊர்வலமுமே தோன்றுகின்றன. நான் பேச வந்தது அவற்றையல்ல. பத்திரிகையிற் செய்தியாக வராத, ஆனால் நாள்தோறும் ஒரு மனிதனை அரித்துக்கொண்டிருக்கும் சிறு குறைகளையே பேச விரும்புகிறேன்.

காலை எட்டு மணிக்குக் கடை திறக்கும் சிப்பந்தி, இரவு ஒன்பது மணிக்குக் கதவடைத்துக் கணக்கு ஒப்புவித்த பின்பே போகிறான். மேலதிக நேரச் சம்பளம் என்ற சொல்லையே அவன் கேட்டதில்லை. தாய்க்குச் சுகமில்லை என்று லீவு கேட்டால், 'போன மாதமும் போனாய்தானே' என்ற பதில் வருகிறது. மாலையிற் பெட்டிக் கணக்குக் குறைந்தால் விசாரணையின்றி அவன் சம்பளத்திற் பிடிக்கிறார்கள். வாடிக்கையாளர் முன்னிலையில் 'டேய்' என்று அழைக்கப்படுகிறான். காரியாலயத்திலே பத்து ஆண்டு பணிபுரிந்த லிகிதரைத் தாண்டி, மனேஜருக்கு வேண்டியவருடைய பிள்ளை மேலே போகிறான். இவற்றுள் ஒவ்வொன்றும் தனித்துப் பார்த்தாற் சிறியதே. எல்லாம் சேர்ந்தால் ஒரு மனிதனுடைய வாழ்நாள்.

நம்மவரிடையே இக்குறைகளுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலிருந்தும் தீவுப் பகுதிகளிலிருந்தும் கொழும்புக்கும் தென்னிலங்கை நகரங்களுக்கும் போய்க் கடை வைத்தவர்கள், ஊரிலுள்ள உறவினர் பிள்ளைகளையே உதவிக்கு அழைத்துக்கொண்டார்கள். பையன் கடையிலேயே உண்டான், கடையிலேயே உறங்கினான், தொழிலையும் கற்றுக்கொண்டான். அவ்வாறு வந்தவர்களிற் சிலர் பின்னாளில் தாமே முதலாளிகளாக உயர்ந்தார்கள். 1983ஆம் ஆண்டு யூலைக் கலவரத்திலே கடைகள் எரிந்து யாவும் இழந்தவர்களுக்குக் கைகொடுத்ததும் உறவே. ஆதலால் அவ்வழக்கத்தை முற்றாகப் பழிப்பது நன்றியன்று.

ஆனால், அதே உறவு ஒரு திரையாகவும் அமைந்துவிடுகிறது. 'அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை. அவனுக்கு ஏன் நியமனக் கடிதம்?' என்கிறோம். 'சம்பளம் கையிற் கொடுத்தாற் செலவழித்துவிடுவான். என்னிடமே இருக்கட்டும்' என்கிறோம். அக்கணக்கு எங்கே எழுதப்படுகிறது? முதலாளி மறைந்து கடை மக்கள் கைக்கு மாறும்போது, எழுதப்படாத அந்தக் கணக்கை யார் ஒப்புக்கொள்வார்? முப்பது ஆண்டு உழைத்தவன் ஒரு பயணப் பையுடன் ஊர் திரும்பும்போதுதான், தான் வீட்டுப் பிள்ளையல்லன் என்பதை அறிகிறான். வீட்டுப் பிள்ளைக்குச் சொத்திற் பங்குண்டு. இவனுக்குச் சம்பளப் பங்கும் இல்லை.

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பது நம் முதுமொழி. அதனை ஊழியனுக்கு மட்டும் உபதேசிக்கிறோம். சோற்றில் உப்பிட்டவர் முதலாளி என்பது உண்மையே. அந்தக் கடையை நிலைநிறுத்திய வியர்வையிலும் உப்பு இருந்ததல்லவா? நன்றி இருபுறமும் செல்லவேண்டிய ஒன்று.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நமது நாட்டில் தொழிலாளர்க்காக முதலிற் குரலெழுப்பியவர்களுள் சேர் பொன்னம்பலம் அருணாசலம் ஒருவர் என்பதை இளைஞர் மறத்தலாகாது. சிவில் சேவையில் உயர்பதவி வகித்து ஓய்வுபெற்ற அப்பெரியார், 1915ஆம் ஆண்டில் சமூக சேவைச் சங்கத்தையும், 1919ஆம் ஆண்டிலே தொழிலாளர் நலனுக்கான சங்கத்தையும் தொடக்கினார். தோட்டத் தொழிலாளரைக் கடனாற் பிணைத்து ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாற்றிய 'துண்டு' முறை 1921ஆம் ஆண்டிற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பின்னர் 1935இல் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டமும், 1941இற் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும், 1950இற் கைத்தொழிற் பிணக்குகள் சட்டமும் வந்தன.

கடைகளிலும் காரியாலயங்களிலும் பணிபுரிவோர்க்குரியது 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம். நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்பது அச்சட்டம் வகுத்த எல்லை. அதற்கு மேற்பட்ட நேரத்துக்கு ஒன்றரை மடங்கு சம்பளம் கொடுத்தல் வேண்டும். கிழமையில் ஒன்றரை நாள் விடுமுறை; ஓராண்டு நிறைந்தபின் 14 நாள் வருடாந்த லீவு. வேலைக்குச் சேரும் நாளிலேயே சம்பளம், வேலைநேரம் முதலிய நிபந்தனைகளை எழுத்திற் கொடுப்பதும் முதலாளியின் கடமையே. வேலைக்கமர்த்தும் ஆகக் குறைந்த வயது 2021ஆம் ஆண்டு 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. ஊரிலிருந்து பள்ளிச் சிறுவனை அழைத்துவரும் பழைய வழக்கத்துக்கு இனி இடமில்லை.

ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. ஊழியன் தன் சம்பாத்தியத்தில் நூற்றுக்கு 8, முதலாளி நூற்றுக்கு 12. இதனுடன் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி தனியே நூற்றுக்கு 3 செலுத்தல் வேண்டும். ஒருவன் 40,000 ரூபாய் பெறுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் பங்கு 3,200. முதலாளியின் பங்கு 4,800. நம்பிக்கை நிதிக்கு 1,200. ஆனாற் சில இடங்களில் 20,000 ரூபாயைச் சம்பளமென்றும், மற்றைய 20,000 ரூபாயை வேறு ஏதோ பெயரிலும் எழுதுகிறார்கள். ஊழியன் கையில் அன்று குறைவு தெரிவதில்லை. ஐம்பத்தைந்து வயதில் நிதியைப் பெறும்போது பாதியே இருக்கிறது. வாழ்க்கைச் செலவுப் படியும், கொடுக்கும் உணவின் பெறுமதியுங்கூடச் சம்பாத்தியத்திற் சேரும் என்பது சட்டம். கடையிற் சோறு போட்டதைக் காரணங்காட்டிச் சேமலாப நிதியை மறுக்க இயலாது.

பணிக்கொடையும் அவ்வாறே. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் இடத்தில் ஐந்தாண்டு நிறைத்த ஊழியனுக்கு, ஆண்டுக்கு அரைமாதச் சம்பளம் வீதம் கொடுக்கவேண்டும் என்று 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. முப்பது ஆண்டு உழைத்தவனுக்கு அது பதினைந்து மாதச் சம்பளம். இறுதிச் சம்பளம் 40,000 ரூபாயானால் ஆறு இலட்சம். இதனை முதலாளியின் தர்மம் என்று எண்ணுவது தவறு. இது கடன், தீர்க்கப்படவேண்டிய கடன்.

'நாளைக்கு வரவேண்டாம்' என்ற ஒரு சொல்லால் வேலையிழந்தவர்கள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால், ஆறு மாதத்துக்குள் விண்ணப்பித்தல் வேண்டும். 'பெரியவர்கள் பேசித் தீர்ப்பார்கள்' என்று காத்திருந்து அந்த ஆறு மாதத்தையும் கழித்துவிட்டு வருந்துவோர் உளர். பேசித் தீர்ப்பது நன்று. தவணையை மறவாது பேசுவது அதனினும் நன்று. அச்சபை ஒப்பந்தத்தின் எழுத்தை மட்டும் பாராது, நீதியும் நேர்மையுமானது எது என்பதைப் பார்த்துத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் உடையது.

முதலாளிமாரின் பக்கத்தையும் சொல்லாவிடின் இப்பேச்சு ஒருதலையாகும். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிலே சரக்கு இறக்க வழியின்றியும் விலையேற்றத்தைத் தாங்க இயலாமலும் தத்தளித்த சிறு வியாபாரிகள் பலர். அந்நிலையிலும் ஒருவரையும் நிறுத்தாமல், தம் வீட்டுச் செலவைச் சுருக்கிச் சம்பளம் கொடுத்தவர்கள் உண்டு. அவர்களை வணங்குகிறேன். கஷ்டகாலத்தில் ஊழியரை அழைத்துக் கணக்கைத் திறந்து காட்டி, 'இம்மாதம் இவ்வளவே இயலும், மிகுதியை இன்ன தேதியில் தருவேன்' என்று சொன்னால் மறுப்பவன் எவன்? வறுமை ஒரு குற்றமன்று. மறைத்தலே குற்றம்.

ஊழியர்க்கும் கடமைகள் உண்டு. நேரத்துக்குப் போதல், ஒப்படைத்த பொருளைத் தன் பொருள்போற் காத்தல், வேலையை முழுமனதோடு செய்தல் ஆகியன குறையின்றி இருந்தாலே உரிமையைத் தலைநிமிர்ந்து கேட்கலாம். வேலையில் ஏமாற்றுபவனும் சம்பளத்தில் ஏமாற்றுபவனும் ஒரே தராசின் இரு தட்டுகள்.

இளைஞர்களே, உங்களுக்குச் சில வார்த்தைகள். வேலைக்குச் சேரும்போது கடிதம் கேளுங்கள், கேட்பது அவமரியாதையன்று. ஒரு சிறு கொப்பியில் வந்த நேரம், போன நேரம், பெற்ற சம்பளம், எடுத்த லீவு ஆகியவற்றை அன்றன்றே குறித்து வையுங்கள். சேமலாப நிதிக் கணக்கைக் காலத்துக்குக் காலம் விசாரித்து அறியுங்கள். குறையிருந்தால் முதலில் மரியாதையாக வாயாற் சொல்லுங்கள். பயனில்லையேல் எழுத்திற் கொடுத்து ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் தொழில் திணைக்களத்தை நாடுங்கள். ஏழு பேர் சேர்ந்தால் ஒரு தொழிற்சங்கத்தைப் பதிவுசெய்ய விண்ணப்பிக்கலாம். தனியே அழுபவனின் குரல் கடைவாசலைத் தாண்டாது.

பெரியோர்களே, உங்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் கடையில் நிற்கும் பையனின் தாய், ஊர்க் கோயிலில் உங்களைக் கண்டால் கைகூப்புகிறாள். அந்தக் கைகூப்புதலுக்குத் தகுதியாக நடந்துகொள்ளுங்கள். இன்றிரவே உங்கள் ஊழியர் பெயர்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் கடிதம் கொடுத்தோமா, நிதி கட்டினோமா, லீவு கொடுத்தோமா என்று குறித்துப் பாருங்கள். வெற்றிடம் இருந்தால் அதை நிரப்புங்கள்.

நிற்க, இச்சங்கத்தாலும் ஆகக்கூடிய பணி ஒன்றுண்டு. மாதத்தில் ஒரு மாலை, சட்டம் அறிந்த ஒருவரும் அனுபவமுள்ள பெரியவர் இருவரும் நமது மண்டபத்தில் அமர்ந்து, வேலைத்தலக் குறையோடு வருவோர்க்கு வழிசொல்லலாம். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்க்கு எழுதிக்கொடுக்கலாம். முதலாளியும் ஊழியரும் இணங்கினால் இருவரையும் அழைத்துப் பேசலாம். இதற்குப் பெருநிதி வேண்டுவதில்லை. இரண்டு வாங்குகளும், ஒரு மேசையும், பக்கஞ்சாராத மனமும் போதும்.

இக்கருத்தைச் செயற்குழு அடுத்த கூட்டத்திலேயே எடுத்து ஆராயவேண்டுமெனத் தலைவரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.