சரக்கு எங்கே வாங்குவது, யாரிடம் வாங்குவது?

(நமது மகளிர் சுயதொழில் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் மாமா என்னைக் கூப்பிட்டபோதே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "பக்ஷணம் பண்ணுவது எப்படி என்று பேசாதே. அது இங்கே எல்லாருக்கும் தெரியும். சாமான் எங்கே வாங்குகிறாய், யாரிடம் வாங்குகிறாய், அதைச் சொல்" என்றார். நியாயமான பேச்சுதான். நன்றாகச் சமைக்கத் தெரிந்தும் கடையை மூடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என் மன்னியும் நானும் கல்பாத்திப் பக்கத்தில் வீட்டிலேயே ஊறுகாய், உப்பேரி, கல்யாண பக்ஷணம், பாயசத்துக்கு வேண்டிய அடை எல்லாம் செய்து விற்கிறோம். அண்ணா காலமான பிறகு மன்னி இரண்டு குழந்தைகளின் படிப்புக்கும் இதைத்தான் நம்பினாள். ஆகவே பொழுதுபோக்குக்குச் செய்தோம் என்று சொல்ல முடியாது. ஒரு ஈடு வடுமாங்காய் கெட்டால் அந்த டெர்ம் ஃபீஸ் போச்சு என்று அர்த்தம்.

எங்களுக்கு வேண்டிய சரக்கில் மூன்றுக்குத்தான் விசாரிப்பு அதிகம் தேவைப்படுகிறது: ஏலக்காய், வெல்லம், மாவடு. நேந்திரங்காயைப் பற்றி இன்று பேசப்போவதில்லை. சந்தையில் கண்ணால் பார்த்து, ஒன்றை ஒடித்துப் பார்த்து வாங்குகிற சாமான் அது.

முதலில் ஏலக்காய். இடுக்கி நம்ம கேரளம்தான், ஆனால் பாலக்காட்டிலிருந்து குமுளிக்குப் போக வேண்டுமானால் பொள்ளாச்சி, தேனி, கம்பம் என்று தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டும் போகலாம். அந்த மலையின் இந்தப்பக்கம் புற்றடியிலும், அந்தப்பக்கம் போடிநாயக்கனூரிலும் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கிறது. முன்பெல்லாம் வண்டன்மேட்டில் வாயால் கூவி ஏலம் விட்டார்கள். 2007 வாக்கில் கம்ப்யூட்டர் வந்தது. அங்கே நேரே போய் வாங்கலாமே, இடைத்தரகர் எதற்கு என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். முடியாது. ஏலத்தில் வாங்க போர்டின் டீலர் லைசென்ஸ் வேண்டும். அதோடு அங்கே லாட் லாட்டாகத்தான் எடுக்க முடியும். மாதம் நாலு கிலோ வாங்குகிற நமக்கு லைசென்ஸ் உள்ள ஒரு வியாபாரி தேவை. தரகு வேண்டாம் என்று வீராப்பு பேசுவதைவிட, அந்த வியாபாரியை நன்றாகத் தேர்ந்தெடுப்பதில் புத்தியைச் செலவிடலாம்.

எப்படித் தேர்ந்தெடுப்பது? நாங்கள் ஆறு கடையில் தலைக்கு கால் கிலோ வாங்கினோம். ஒரே நாளில், ஒரே தரம் என்று சொல்லி. வீட்டுக்கு வந்து ஒரு லிட்டர் படியில் தளர்வாகக் கொட்டி நிறுத்தோம். கால் கிலோ படியை நிறைக்காது என்பதால் அரைப்படி அளவில் பார்த்தோம், கணக்கு ஒன்றுதான். அக்மார்க் தரத்தில் ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு என்றால் லிட்டருக்குக் குறைந்தது 435 கிராம் இருக்க வேண்டும், போல்டு என்றால் 415, சுப்பீரியர் என்றால் 385. பார்க்க உருண்டையாக, பெரிதாக இருக்கும், நிறுத்தால் காற்று! உள்ளே விதை நிரம்பவில்லை என்று அர்த்தம். ஆறில் இரண்டு கடை இப்படிக் கழிந்தது. அப்புறம் ஒரு வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்துப் பார்த்தோம். ஒரு கடைக் காய் துணியில் பச்சையை விட்டது. அந்தக் கடைதான் ஆறில் விலை குறைச்சல். கடைசியில் காயை உரித்து விதையைப் பார்த்தோம். முற்றின விதை கருப்பாக, கொஞ்சம் பிசுக்காக இருக்கும். வெளுத்திருந்தால் இளசில் பறித்தது.

தேறின மூன்று பேரில் குமுளிக்காரர் ஒருவரை வைத்துக்கொண்டோம். கம்பத்துத் தமிழர். அவரை ஏன் வைத்துக்கொண்டோம் என்று மன்னியைக் கேட்டால், "அவர்தான் எதற்கு வேணும் என்று கேட்டார்" என்பாள். மற்றவர்கள் எத்தனை கிலோ என்று மட்டும் கேட்டார்கள். இவர், "பொடிக்கிற காய்க்குப் பச்சை நிறம் எதுக்கும்மா? நிறம் வெளுத்த காய் தர்றேன், விதையைப் பாருங்க, விலையும் குறையும்" என்றார். வாசனைத் தைலம் விதையில்தான் இருக்கிறது. பாயசத்தில் தோலை யார் பார்க்கிறார்கள்? அதிக விலைச் சரக்கை நம் தலையில் கட்டாமல், நம் உபயோகத்துக்கு ஏற்றதைச் சொல்கிறவர் கிடைப்பது அபூர்வம்.

அவர் அருமை 2019-ல் தெரிந்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளம் இடுக்கியைப் புரட்டிப் போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அடுத்த கோடையில் வறட்சி. செடியே பட்டுப்போயிற்று. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் உச்ச விலை கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. எங்களுக்கோ ஆவணியில் இரண்டு கல்யாணம், பின்னாலேயே ஓணம். சித்திரையில் பேசி அட்வான்ஸ் வாங்கியாச்சு. பெண்ணைப் பெற்றவர்களிடம் போய் விலை ஏறிவிட்டது என்று சொல்ல முடியுமா? ஏலக்காய் வாசனை இல்லாமல் போளியும் பாயசமும் அனுப்பவும் முடியாது. அந்தச் சமயத்தில் ஒரு புது ஆள் போனில் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார். சாம்பிள் அனுப்பினார், பிரமாதமாக இருந்தது. இரண்டு கிலோ வந்தது, அது வேறு சரக்கு. சாம்பிளில் கொஞ்சத்தை மன்னி ஒரு சின்ன பாட்டிலில் தேதி எழுதி ஒட்டி வைத்திருந்தாள். பக்கத்தில் வைத்துக் காட்டி, படம் எடுத்து அனுப்பி, பணம் கொடுக்காமல் திருப்பிவிட்டோம். குமுளிக்காரர் விலையைக் குறைக்கவில்லை, அவரால் முடியாது. ஆனால் ஒரேயடியாக வாங்காமல் வாரத்துக்கு அரை கிலோவாக, வெடித்த காயும் சேர்த்து அனுப்பினார். பணம் ஓணம் கழிந்து கொடுத்தால் போதும் என்றார். லாபம் ஒன்றும் பார்க்கவில்லை, ஆனால் இரண்டு கல்யாணமும் சொன்ன விலையில் நடந்தது. ஓணம் முடிந்த மூன்றாம் நாள் அவர் கணக்கை முழுவதும் தீர்த்தோம். அதற்கப்புறம் ஏலக்காய் விலை இறங்கி, 2021 வாக்கில் ஆயிரத்தை ஒட்டி வந்தது. அப்போது விவசாயி அழுதார்; நாம் இரண்டு பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

வெல்லத்துக்கு வருகிறேன். முதலில் ஒரு பாஷைச் சிக்கல். நம் பாலக்காட்டுப் பேச்சில் சர்க்கரை என்றால் வெல்லம், வெள்ளைச் சீனிக்கு பஞ்சசாரை. உடுமலைப்பேட்டை வியாபாரிக்கு சர்க்கரை என்றால் சீனி! போனில் ஆர்டர் சொல்லும்போது "உருண்டை வெல்லம்" என்று சொல்லிப் பழகுங்கள்.

மறையூர் வெல்லத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மறையூர், காந்தளூர் பக்கத்துக் கரும்பைக் காய்ச்சி, கையால் உருட்டுகிற கரும்பழுப்பு உருண்டை. பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு வழியாகத்தான் அங்கே ஏற வேண்டும். சிக்கல் என்னவென்றால் சமவெளியில் விலை குறைந்த வெல்லத்தையும் மறையூர் என்று பெயர் சொல்லி விற்கிறார்கள். ஆகவே நாங்கள் ஒரு தடவை ஆலைக்கொட்டகைக்கே போய், காய்ச்சுகிறவரைப் பார்த்து, அவர் உருட்டினதை வாங்கி வந்தோம். அதை வெந்நீரில் கரைத்து, அடியில் என்ன தங்குகிறது என்று பார்த்து, அந்த ருசியை நாக்கில் பதிய வைத்துக்கொண்டோம். பிறகு யார் கொண்டுவந்தாலும் அதோடு ஒப்பிடலாம். பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் சந்தேகப்படுங்கள். வெளுக்கச் செய்ய ஹைட்ரோஸ் போடுவது உண்டு. உண்மையான வெல்லம் அழகாக இருக்காது. ஆனால் எல்லாப் பண்டத்துக்கும் மறையூர் வேண்டும் என்பது என் அபிப்பிராயம் அல்ல. சர்க்கரை உப்பேரிக்கு நல்ல பாகு வருகிற சாதாரண வெல்லமே போதும். சக்கப்பிரதமனுக்கு மட்டும் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை.

மாவடு விஷயத்தில் வியாபாரியைவிட மரம் ஏறுகிறவர்தான் முக்கியம். முதலமடை, கொல்லங்கோடு பக்கம் மாந்தோப்பு ஏராளம், நாட்டிலேயே சீக்கிரம் மாங்காய் வருகிற இடம். ஆனால் பெரிய தோப்புகள் பாட்டத்துக்குப் போகின்றன, மருந்து அடிப்பதும் ஜாஸ்தி. வடுவுக்கு நமக்கு வேண்டியது வீட்டுத் தொடியில் நிற்கும் நாட்டு மரம். காம்போடு, பால் வடியாமல், கீழே விழாமல் பறித்து, அன்றைக்கே உப்பில் சேர வேண்டும். உலுக்கி விழுந்த வடு ஒரு மாதத்தில் அழுகிப் பரணியையே கெடுக்கும். எங்களுக்குப் பறித்துத் தருகிறவருக்கு மார்கழியிலேயே முன்பணம் கொடுத்துவிடுவோம், கிலோவுக்குச் சந்தையைவிடக் கூடவே கொடுக்கிறோம். மரம் ஏற ஆள் கிடைக்காத காலம் இது. அவர் மகன் இந்த வேலைக்கு வரமாட்டான்; அதனால் இரண்டாவதாக ஒருவரை இப்போதே பழக்கி வருகிறோம்.

காகிதம் பற்றி ஒரு வார்த்தை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வாளையார் வரிச் சோதனைச்சாவடியின் லாரி வரிசை போய்விட்டது. ஆனால் எல்லை போகவில்லை. பொள்ளாச்சியில் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிற சின்ன வியாபாரி, மாநிலம் தாண்டி நமக்கு விற்கக் கூடாது. மீனாட்சிபுரத்துக்கு இந்தப்பக்கம் இருப்பவர் விற்கலாம். அடக்கம் ஒன்றே, தூரமும் அதிகமில்லை! முதல் தடவை பேசும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். நாளைக்கு நம் பண்டத்தின் மேல் ஒரு புகார் வந்தால், அதிகாரி முதலில் கேட்பது வாங்கின பில்லைத்தான். பில் இல்லாத சரக்கு எவ்வளவு மலிவாக இருந்தாலும் நாங்கள் தொடுவதில்லை. வடு பறிக்கிறவர் பில் தரமாட்டார், அவருக்கு ஒரு நோட்டில் தேதி, எடை, தொகை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறோம்.

முன்வரிசை மாமி ஒருவர் வந்ததுமே கேட்டார், "எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் வாங்கினால் விலை குறையாதா?" என்று. குறையும். ஆனால் அந்த ஆள் ஒரு நாள் போனை எடுக்காவிட்டால்? நாங்கள் ஏலக்காயில் முக்கால் பங்கை குமுளிக்காரரிடமும், கால் பங்கை போடியில் இன்னொருவரிடமும் வாங்குகிறோம். இருவருக்கும் இது தெரியும். குமுளிக்காரர் முதலில் முகம் சுளித்தார். பிறகு அவரே, அவர் மகள் கல்யாணத்தின்போது ஒரு வாரம் கடை மூடியபோது, "போடிக்காரர்கிட்ட வாங்கிக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டார். அந்தக் கல்யாணத்துக்கு பக்ஷணம் நாங்கள்தான் செய்தோம். ஏலக்காய் அவரே கொடுத்தார், எட்டு மில்லி, நல்ல பச்சை.