வளரும் மூளையும் வகுப்பறையும்

(சங்க ஆண்டு விழாவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



முப்பத்திரண்டு ஆண்டு கணிதம் படிப்பித்தவன் நான். இன்று கணிதம் பேசப் போவதில்லை. வாலிபர்கள் அஞ்ச வேண்டாம். என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டு தொடங்குகின்றேன்.

பத்தாம் வகுப்பில் என்னிடம் ஒரு பையன் படித்தான். காலை முதற்பாடத்தில் நாடோறும் தூங்கி விழுவான். வாங்கின்மேல் ஏற்றி நிறுத்தினேன். "கும்பகர்ணன்" என்று பெயரும் வைத்தேன். வகுப்பு முழுவதும் அவனை அப்பெயராலேயே அழைத்தது. அடுத்த தவணை அவன் பாடசாலைக்கு வரவில்லை. விடியற்காலை ஐந்தரை மணிப் பிரத்தியேக வகுப்புக்குப் போய், அங்கிருந்து சைக்கிளில் நேரே ஓடி வந்தவன் அவன் என்பதைப் பின்னரே அறிந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். நான் கேட்கவில்லை.

ஓய்வு பெற்றபின் இதைப் பற்றிச் சிறிது படித்தேன். படித்ததை உங்கள் முன் வைக்கின்றேன்.

ஆறு வயதளவிலேயே ஒரு பிள்ளையின் மூளை, வளர்ந்தவர் மூளையின் பருமனில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகின்றது. ஆதலால் மூளையின் வளர்ச்சி சிறுபிராயத்தோடு முடிந்தது என்றே நெடுங்காலம் எண்ணினர். 1979 இல் பீற்றர் ஹட்டன்லோக்கர் என்னும் அமெரிக்க வைத்தியர், இறந்தோரின் மூளையிலே நெற்றிக்குப் பின்னுள்ள பகுதியை எடுத்து, நரம்புக் கலங்கள் ஒன்றையொன்று தொடும் சந்திகளை எண்ணிப் பார்த்தார். சிறுகுழந்தைப் பருவத்தில் அவை மிகுந்திருந்தன. குமரப் பருவம் வரையில் குறைந்து சென்றன. பின்னர் 1999 இல் ஜே கீட் என்பாரும் அவர்தம் துணைவரும், 145 பேரின் மூளையைக் காந்தப் படங்களாலே ஆராய்ந்தனர். அவர்களிற் பலரைச் சில ஆண்டு இடைவிட்டு மீண்டும் படம் பிடித்தனர். நெற்றிப்புறத்துச் சாம்பல் நிறப் பொருள் பெண்பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 11 வயதிலும், ஆண்பிள்ளைகளுக்கு 12 வயதிலும் உச்சத்தை அடைந்து, பின் மெல்லக் குறைவதைக் கண்டனர்.

குறைவது நட்டமன்றோ எனக் கேட்கலாம். திராட்சைப் பந்தல் வைத்திருப்போரைக் கேளுங்கள். வேண்டாத கொடியை வெட்டினாலன்றோ மற்றக் கொடி காய்க்கும்! பயன்படும் இணைப்பு நிலைக்க, பயன்படாதது கழிகின்றது. அதே காலத்தில் நரம்பிழைகளின்மேல் கொழுப்புப் பொருளாலாகிய உறை படிந்து, செய்தி விரைந்து செல்ல வழி செய்கின்றது. பார்த்தல், அசைதல் முதலியவற்றுக்குரிய இடங்கள் முந்தி முதிரும். திட்டமிடுதல், எழும் உணர்ச்சியை அடக்குதல், பின்விளைவை நினைத்தல் ஆகியவற்றுக்கு உதவும் நெற்றிப்புறம் இறுதியிலேயே முதிரும். அது இருபது வயது கடந்தும் தொடரும். இருபத்தைந்தில் ஏதோ ஒரு கதவு சாத்தப்படுவதாகச் சிலர் பேசுவது மிகை.

இனி, தூக்கத்துக்கு வருகின்றேன். இதுவே நான் அறியாதிருந்தது. பூப்புப் பருவத்தோடு உடலின் கடிகாரமே பின்தள்ளிப் போகின்றது. இரவை உடலுக்கு அறிவிக்கும் மெலற்றோனின் என்னும் சுரப்பு, சிறுபிள்ளைகளிலும் பார்க்கப் பிந்தியே இவர்களுக்கு எழுகின்றது. மேரி கார்ஸ்கடன் என்னும் அம்மையார் 1993 முதலாக இதனை ஆராய்ந்து எழுதினார். பதின்மூன்று முதல் பதினெட்டு வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது 2016 இல் அமெரிக்கத் தூக்க வைத்தியர் சங்கத்தின் முடிவு. பதினொரு மணிக்குப் படுத்து நாலரைக்கு எழும் பிள்ளைக்கு எத்தனை மணி? இந்தக் கணக்குக்குக் கணித ஆசிரியர் வேண்டியதில்லை. பகலிற் கற்றது நினைவில் உறுதிப்படுவதும் அத்தூக்கத்திலேதான். கலிபோர்ணியாவில் உயர்தரப் பாடசாலைகள் எட்டரை மணிக்கு முன் தொடங்கலாகாது என்ற சட்டம் 2022 இல் நடைமுறைக்கு வந்தது. நம் பாடசாலைகளில் ஏழரைக்கு மணி அடிக்கின்றது; அதற்கு முன்னும் ஒரு வகுப்பு வைக்கின்றோம்.

"நாங்கள் கோழி கூவ எழுந்து படிக்கவில்லையா?" என்று முன்வரிசைப் பெரியோர் கேட்பது என் காதில் விழுகின்றது. எழுந்தோம், ஐயா. எட்டு மணிக்கு அம்மா விளக்கை ஊதி அணைத்ததையும் நினைவு கூருங்கள். இன்று நள்ளிரவிலும் பிள்ளையின் முகத்தருகே கைத்தொலைபேசி எரிகின்றது. வாலிபர்களே, அதை அணைப்பது உங்கள் பொறுப்பு. கடிகாரத்தின்மேல் முழுப் பழியையும் போடாதீர்கள்.

மற்றொன்று. 2005 இல் கார்ட்னர், ஸ்டைன்பேர்க் என்னும் இருவர், கார் ஓட்டும் விளையாட்டொன்றைக் கணினியில் வைத்துச் சோதித்தனர். ஒத்த வயதினர் அருகிருந்தபோது, பதின்மூன்று முதல் பதினாறு வயதுப் பிள்ளைகள் தனித்திருந்ததிலும் பார்க்க அதிக ஆபத்தை மேற்கொண்டனர். வளர்ந்தோரிடம் அவ்வேறுபாடு காணப்படவில்லை. தோழர் கண்ணுக்கு அவ்வயதில் அத்துணை வலிமை. அப்படியானால் தோழர் முன்னிலையில் சூட்டிய பட்டப்பெயர் எவ்வளவு ஆழமாகப் பாய்ந்திருக்கும்? அதே வலிமையை நல்வழியிலும் திருப்பலாம். கேத்திர கணிதத்தை நாலு பேராகக் கூடி ஒருவருக்கொருவர் விளக்கச் செய்தபோது, நான் கரும்பலகையில் இரண்டு நாள் முயன்றும் ஏறாதது ஒரு பாடவேளையில் ஏறியதைக் கண்டிருக்கின்றேன்.

படிக்கும் முறை பற்றியும் ஒரு வார்த்தை. 2006 இல் றோடிகர், கார்ப்பிக் என்போர் பல்கலைக்கழக மாணவரிடம் ஒரு பகுதியைக் கொடுத்தனர். ஒரு சாரார் அதனைத் திரும்பத் திரும்ப வாசித்தனர்; மறு சாரார் தாளை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடத்தின் பின் வாசித்தோரே முந்தினர். ஒரு வாரம் சென்றபின் எழுதினோர் முந்தினர். சாதாரண தரப் பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதன்று. கொப்பியை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள்.

இறுதியாக, செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். நமது சங்கத்தின் இலவச வகுப்பு காலை ஐந்தே முக்காலுக்கு நடைபெறுகின்றது. அந்நேரத்தை முன்மொழிந்தவனும் நானே. அதனை மாலை நாலரைக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கின்றேன். மாற்றினால், கணித பாடத்தை நானே வந்து நடத்துவேன்.