மாயா பஜார்: பேரன் சிரிக்கும் இடத்தில் பாட்டி ஏன் கண் துடைக்கிறார்?



ஈப்போவின் புந்தோங் வட்டாரத்தில் ஒரு வீட்டுக் கூடத்தை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறை. மாலை நேரம். வெளியே மழை. தட்டு நிறைய கச்சாங் பூத்தே. பத்து வயதுப் பேரனும் எழுபதைத் தாண்டிய பாட்டியும் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். படத்தின் பெயர் 'மாயா பஜார்'. கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் கடோத்கஜன் உட்கார்ந்திருக்கிறான். அண்டா அண்டாவாகப் பலகாரம் காலியாகிறது. லட்டுகள் தாமாகவே எழும்பி அவன் வாய்க்குள் பாய்கின்றன. பேரன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். பாட்டியும் சிரிக்கிறார். ஆனால், சிரித்த கையோடு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

"ஏன் பாட்டி அழறீங்க?"

"ஒண்ணுமில்லய்யா, கண்ணுல தூசி."

அந்தத் தூசி எங்கிருந்து வந்தது? இன்றைய உரை அதைப் பற்றியதுதான்.

மாயமும் மனக்குறையும்

'மாயா பஜார்' 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தமிழில் வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 31-இல்தான் மலாயா விடுதலை பெற்றது. விஜயா நிறுவனத்தின் நாகிரெட்டியும் சக்ரபாணியும் தயாரிக்க, கே.வி.ரெட்டி இயக்கிய படம் இது. தெலுங்கு, தமிழ் என இரு மொழிகளிலும் எடுத்தார்கள். கடோத்கஜனாக எஸ்.வி.ரங்காராவ், வத்சலாவாக சாவித்திரி, கிருஷ்ணராக என்.டி.ராமராவ் ஆகியோர் இரு மொழிகளிலும் நடித்தார்கள். தமிழில் அபிமன்யுவாக ஜெமினி கணேசன், சகுனியாக நம்பியார், மாப்பிள்ளை லட்சுமணகுமாரனாக தங்கவேலு. இசை கண்டசாலா. அந்த விருந்துப் பாட்டைப் பாடியவர் திருச்சி லோகநாதன்.

கணினி வரைகலை இல்லாத காலம். ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி ஸ்டூடியோவுக்குள்ளேயே நிலா வெளிச்சத்தை உண்டாக்கினார். தானாகச் சுருண்டுகொள்ளும் கம்பளம், ஆளைத் தூங்கவிடாமல் சுழலும் கட்டில் என்று எல்லாமே கேமராவின் துணையோடு செய்த வித்தைகள். இத்தனை வருடம் கழித்தும் சின்னப் பிள்ளைகள் அந்த இடங்களில் சிரிக்கிறார்கள் என்றால், வித்தை தெரிந்தவர்கள் செய்த வேலை என்று பொருள்.

ஆனால், வித்தை மட்டும் ஒரு படத்தை இத்தனை காலம் தாங்கிப் பிடிக்காது. மாயத்தை எல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுக் கதையைப் பாருங்கள். பலராமனின் தங்கை சுபத்திரை. சுபத்திரையின் மகன் அபிமன்யு. பலராமனின் மகள் வத்சலா. அத்தை மகன், மாமன் மகள். சிறு வயதிலேயே இவனுக்கு இவள் என்று பேசி முடித்த சம்பந்தம். பிறகு பாண்டவர்கள் சூதாட்டத்தில் நாட்டை இழக்கிறார்கள். அதோடு மாமன் வீட்டின் பேச்சு மாறுகிறது. இல்லாதவன் வீட்டுக்குப் பெண்ணை அனுப்ப மாமி ரேவதிக்கு மனம் வரவில்லை. துரியோதனன் மகனுக்கே பெண் என்று முடிவாகிறது. சுபத்திரை தன் மகனைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டை விட்டு வெளியேறுகிறாள்.

இதில் மாயம் எங்கே இருக்கிறது? 'பணம் பந்தியிலே, குணம் குப்பையிலே' என்ற பழமொழிதான் இருக்கிறது. ஏதோ ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பின்வரிசையில் உட்கார வைக்கப்பட்ட எவருக்கும் இந்தக் கதை புரியும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாண்டவர் கதை என்கிறோம், ஆனால் பாண்டவர் ஐவரில் ஒருவர்கூட இந்தப் படத்தில் முகம் காட்டுவதில்லை. அப்பா இல்லாத நேரத்தில் ஒரு தாயும் மகனும் சொந்தத்தின் வாசலில் நிற்கும் கதை இது.

தோட்டத்துத் திடலில் பார்த்தவர்கள்

புந்தோங் பாட்டி இந்த வகைப் படங்களை முதலில் பார்த்தது நாற்காலியில் உட்கார்ந்து அல்ல. பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய காலம் ஒன்று இருந்தது. பொழுது சாய்வதற்குள் பிள்ளைகள் பாயைக் கொண்டுபோய் விரித்து இடம் பிடிப்பார்கள். முன்பக்கம் இடம் கிடைக்காதவர்கள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, இடம் வலம் மாறிய படத்தைப் பார்ப்பார்கள். மழை வந்தால் படம் நிற்கும். மறுநாள் விடியும் முன் பெரட்டுக்குப் போக வேண்டும் என்று தெரிந்தும் யாரும் எழுந்து போகமாட்டார்கள்.

அப்படி உட்கார்ந்திருந்த குடும்பங்களுக்கு, இருந்த இடம் கைவிட்டுப் போவது என்றால் என்னவென்று திரை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1950-களின் பிற்பகுதியில் வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கின. வேலையும் வீடும் ஒரே நாளில் போய்விடும் என்ற அச்சம் லயன் வீடுகளில் குடியேறியது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதற்கு அந்தத் துண்டாடல்தான் காரணம். பிற்காலத்தில் பல இடங்களில் பால் மரங்களை வீழ்த்திச் செம்பனை நட்டார்கள். கூப்பிடு தூரத்தில் இருந்த அண்ணன் தம்பி குடும்பங்கள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் பிரிந்து போயின. ஒருவர் பிள்ளை படித்து மேலே வந்தார். இன்னொருவர் பிள்ளை அங்கேயே நின்றுவிட்டார். 'அவன் தோட்டத்துக்காரன்' என்ற ஏளனம் வேறு எங்கிருந்தும் வரவில்லை, சில வேளைகளில் சொந்தத்திலிருந்தே வந்தது.

இப்போது படத்துக்குத் திரும்புங்கள். அண்ணன் வீட்டில் இடமில்லாத சுபத்திரைக்கு யார் இடம் கொடுத்தது? காட்டில் வாழும் கடோத்கஜன். நகரத்து மாளிகையில் இவன் பெயரைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். அரக்கி மகன், நாகரிகம் தெரியாதவன். ஆனால், அவன்தான் சிற்றன்னையைத் தாயாக ஏற்றுத் தம்பிக்காகப் புறப்படுகிறான். தூங்கும் வத்சலாவைக் கட்டிலோடு தூக்கி வந்து காட்டில் சேர்க்கிறான். பிறகு தானே வத்சலாவாக உருமாறி மணமேடை ஏறுகிறான். உள்ளே இருப்பது கடோத்கஜன் என்பதைச் சாவித்திரி ஒரு முறைப்பிலும் ஒரு நடையிலும் காட்டிவிடுவார். மாப்பிள்ளையின் காலை மிதித்து நசுக்கும் இடத்தில் தோட்டத்துச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். காட்டு உறவு மாளிகை உறவின் காலை மிதிக்கிறது!

குறையும் உண்டு

இந்தப் படத்தைக் குறையே இல்லாதது என்று சொல்ல வேண்டியதில்லை. பேராசைப் பழி பெரும்பாலும் ரேவதி தலையில் விழுகிறது. வாக்குக் கொடுத்தவர் பலராமன் அல்லவா? துரியோதனன் மீதுள்ள பாசத்தில் மயங்கிக் கொடுத்த சொல்லை மறந்தவரும் அவரே. வீட்டில் ஒரு சம்பந்தம் முறியும்போது 'எல்லாம் அவள் செய்த வேலை' என்று பெண் மீது பழி போடுவது இன்றும் நடக்கிறது. பிள்ளைகளோடு படம் பார்க்கும் பெற்றோர் இதை ஒரு வார்த்தை சொல்லலாம்.

'மாயம், மந்திரம் காட்டிப் பிள்ளைகளின் அறிவைக் கெடுக்கலாமா?' என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், லட்டு பறக்காது என்று பேரனுக்குத் தெரியும். தெரிந்துதான் சிரிக்கிறான். பறக்கும் என்று நம்பியிருந்தால் அவனுக்குச் சிரிப்பு வந்திருக்காது, பயம்தான் வந்திருக்கும்.

படத்தில் ஒரு மாயப் பெட்டி வருகிறது. திறந்து பார்ப்பவருக்கு அவர் மனத்தில் எது பிரியமோ அது தெரியும். வத்சலாவுக்கு அபிமன்யு தெரிகிறான். பலராமனுக்குத் துரியோதனன் தெரிகிறான். ரேவதிக்கு நகைகள் தெரிகின்றன. அந்தப் படமே அப்படிப்பட்ட பெட்டிதான். பேரனுக்குப் பறக்கும் லட்டு தெரிகிறது. கல்யாண வயதில் மகள் இருக்கும் அம்மாவுக்குப் பேசி முறிந்த சம்பந்தம் தெரிகிறது. பாட்டிக்கு?

பாட்டிக்குத் தெரிந்த முடிவு

பாட்டிக்குப் பாரதம் தெரியும். கோயிலில் வாசிக்கக் கேட்டும், கூத்தில் பார்த்தும், தாய் சொல்லியும் மனத்தில் தங்கிய பாரதம். வத்சலா கல்யாணம் வியாசர் பாரதத்தில் இல்லை, மக்கள் நாவில் வளர்ந்த கதை அது. ஆனால், குருக்ஷேத்திரம் இருக்கிறது. பதின்மூன்றாம் நாள் போரில் அபிமன்யு சக்கர வியூகத்துக்குள் சிக்கி மடிகிறான். இந்தப் படத்தில் அசட்டுச் சிரிப்போடு மாலையும் கழுத்துமாக நிற்கும் அந்த லட்சுமணகுமாரன், அதே நாளில் அபிமன்யுவின் கையால் மடிகிறான். மறுநாள் இரவுப் போரில் கர்ணனின் சக்தி ஆயுதம் கடோத்கஜனைச் சாய்க்கிறது.

மூன்று பேரும் இளைஞர்கள். மூன்று பேரும் அண்ணன் தம்பி முறை. சொத்துத் தகராறு பெரியவர்களுடையது, உயிர் பிள்ளைகளுடையது.

படம் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. ஏறக்குறைய 3 மணி நேரம் ஓடியும் யாரும் சாவதில்லை. அநியாயம் செய்தவர்கள் அவமானப்படுகிறார்கள், அவ்வளவுதான். உண்மையைப் பேச வைக்கும் பீடத்தில் ஏறிய சகுனி தன் சூழ்ச்சியைத் தானே உளறிக் கொட்டுகிறான். ஒரு குடும்பச் சண்டை சிரிப்போடு முடிந்துவிடுகிறது. எல்லாச் சண்டையும் இப்படியே முடிந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம், கதையின் மிச்சம் தெரிந்தவர்களுக்குத்தான் வரும். பாட்டியின் கண்ணில் விழுந்த தூசி அதுதான்.

பெரியவர்களே, பெற்றோர்களே! இன்று பிள்ளைகளுக்குப் படம் பஞ்சமில்லை. கைத்தொலைபேசியில் உலகத்து மாயமெல்லாம் வந்து குவிகிறது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மூலையில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு தனியாகச் சிரிக்கிறது. தனியாகப் பார்க்கும் பிள்ளைக்கு லட்டு மட்டும் கிடைக்கும். அதற்குப் பின்னால் உள்ள பாரதமும் தோட்டமும் பக்கத்தில் ஒரு பாட்டி இருந்தால்தான் கிடைக்கும். திடலில் பாய் விரித்துப் பார்த்த அந்தத் தலைமுறை நாளுக்கு நாள் குறைந்து வருகிறது. படம் வட்டில் இருக்கும், இணையத்தில் இருக்கும். பாட்டி சொல்லும் கதை வேறு எங்கே இருக்கும்?

ஆகவே அடுத்த பள்ளி விடுமுறையில் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். மூன்று தலைமுறையும் ஒரே கூடத்தில் உட்காருங்கள். பிள்ளை கேள்வி கேட்டால் படத்தை நிறுத்துங்கள். பதில் சொல்வதைப் பெரியவர்களிடம் விடுங்கள். எதை இன்று சொல்வது, எதைப் பிறகு சொல்வது என்று அவர்களுக்குத் தெரியும்.

புந்தோங் வீட்டில் மழை விட்டுவிட்டது. பேரன் கேட்கிறான்: "பாட்டி, கடோத்கஜன் அப்புறம் என்ன ஆனான்?"

பாட்டி சற்று நேரம் திரையையே பார்க்கிறார். பிறகு சொல்கிறார்: "அத இன்னொரு நாள் சொல்றேன்யா. இன்னிக்கு அவன் வயிறார சாப்பிடட்டும்."