நம் மாணாக்கரும் ஆராய்ச்சிக் கட்டுரைகளும்

(கெலமங்கலத்தில் கூடிய நம் சங்கத்து மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



கல்லூரி மாணாக்கர் ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடிக் கண்டு படிப்பது எவ்வாறு என்பதே இன்று எமக்கு அளிக்கப்பட்ட விஷயம். இது பேராசிரியர்க்குரியதன்றோ, சங்கக் கூட்டத்தில் இதற்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நடந்த ஒன்றை முதலிற் கூறிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு இரசாயனம் பயிலும் நம் பெண்ணொருத்தி எம் இல்லத்திற்கு வந்தாள். ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள புளோரைடைப் பற்றி அவள் ஆய்வேடு எழுதவேண்டியிருந்தது. அவளுக்கு அது வெறும் பரீட்சை விஷயமன்று. அவளுடைய தம்பியின் பற்களிற் காவிக்கறை, பாட்டியாருக்கோ முதுகு வளையாத விறைப்பு. இணையத்திற் கண்ட கட்டுரை ஒன்றைத் திறக்க நாற்பது டாலர் கேட்டனராம். தகப்பனார் பெங்களூரிலுள்ள உறவினர் ஒருவரைக் கொண்டு அதைச் செலுத்தினார். தக்காளி விலை வீழ்ந்து கிடந்த மாதத்தில் அவருக்கு அது சிறு தொகையன்று. மறுவாரம் யாமும் அவளும் சேர்ந்து தேடியபோது, அதே கட்டுரையை எழுதியவரே வேறோரிடத்தில் இலவசமாக இட்டு வைத்திருக்கக் கண்டோம்!

பணம் போனது ஒருபுறமிருக்க, அவ்வீட்டில் தாயார் நாள்தோறும் நீரைக் காய்ச்சியே பிள்ளைகளுக்குக் கொடுத்து வந்தார். காய்ச்சினால் கிருமி மாளும்; புளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அது சற்றுச் செறியவே செய்யும். இதனை அப்பெண் படித்தறிந்து தாயாரிடம் கூறும்வரையில் அவ்வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

இந்நோயைப் பற்றிய நம் நாட்டு ஆராய்ச்சி புதிதன்று. 1937-இல், அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவில், முதுகும் மூட்டுகளும் விறைத்துப் போன கிராமத்தாரை ஆராய்ந்து, குடிநீரிலுள்ள புளோரைடே காரணமென ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி என்னும் மூவர் 'இந்தியன் மெடிக்கல் கெஜட்' என்ற பத்திரிகையில் எழுதினர். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக 2013-இல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே புளோரைடு நோய்த் தணிப்பும் சேர்ந்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். அப்பழைய பத்திரிகையின் ஏடுகள் யாவும் இன்று 'பப்மெட் சென்ட்ரல்' என்னும் தளத்திற் காசின்றிக் கிடைக்கின்றன. நெல்லூர்க் கட்டுரை மூன்றே பக்கம். எண்பது ஆண்டுகளுக்கு மேலாக நமக்காகவே காத்திருந்ததுபோல் இருக்கிறது!

இனித் தேடும் வழி. வினாவை முழு வாக்கியமாக எழுதித் தேடாமல், பொருள், இடம், அளவை என்னும் மூன்றையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை 'கூகிள் ஸ்காலர்' தளத்தில் இடுக. புளோரைடு, நிலத்தடி நீர், கிருஷ்ணகிரி என்ற அளவே போதும். ஊர்ப்பெயருக்கு ஒன்றும் கிட்டாவிடின் மாவட்டத்தின் பெயரை இடுக. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல் ஆதலின், அதற்கு முந்திய கட்டுரைகள் தர்மபுரி என்ற பெயரிலேயே இருக்கும். இதை அறியாமல் பாதியைத் தவறவிடுவோர் பலர். நல்ல கட்டுரை ஒன்று அகப்பட்டுவிட்டால், அதன் இறுதியிலுள்ள நூற்பட்டியல் பழைய கட்டுரைகளுக்கும், 'சைட்டட் பை' என்ற இணைப்பு அதன்பின் வந்தவற்றிற்கும் வழிகாட்டும்.

பணம் கேட்டால் உடனே கொடுத்துவிடாதீர்கள். அதே தளத்தில் அக்கட்டுரையின் பிற பிரதிகளைக் காட்டும் இணைப்பொன்று உண்டு. முதலில் அதைத் திறந்து பாருங்கள். பல்கலைக்கழக ஆய்வேடுகள் 'சோத்கங்கா' தளத்தில் உள்ளன. அரசுக் கல்லூரி மாணாக்கராயின், 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தைக் குறித்து நூலகரிடம் கேளுங்கள். 2025 ஜனவரியில் தொடங்கிய இத்திட்டத்தின்படி, முப்பது பதிப்பகத்தாரின் சுமார் 13,000 ஆய்விதழ்களுக்கு அரசாங்கமே சந்தா செலுத்துகிறது. தனியார் கல்லூரிகளை முதற்கட்டத்தில் விட்டுவிட்டது எமக்குக் குறையாகவே படுகிறது. ஒரு வழியும் இல்லையெனில், ஆசிரியருக்கே நாலு வரியில் மின்னஞ்சல் எழுதுங்கள். பெரியவர்க்கு எழுதுவதா என்று கூச்சப்பட வேண்டா. தம் கட்டுரையை ஒருவர் கேட்டெழுதினால் மகிழ்வோரே மிகுதி.

சந்தா என்றதும் ஒன்று நினைவிற்கு வருகிறது. 1907-இல் டெபுடி கலெக்டர் இராமசுவாமி ஐயர், கணித ஏடுகள் தனியொருவர் கைக்கு எட்டாதவை என்று கண்டு, சிலரைச் சேர்த்துப் பொதுச் சந்தாவில் அவற்றை வாங்கித் தபாலிற் சுற்றுக்கு விடும் கழகமொன்றைத் தொடங்கினார். அதுவே பின்னர் இந்தியக் கணிதக் கழகமாயிற்று. அதன் சஞ்சிகையிலேதான் 1911-இல் ஸ்ரீநிவாஸ இராமானுஜனின் முதற்கட்டுரை வெளிவந்தது.

படிக்கும் முறைக்கு வருவோம். முதல் வரியிலிருந்து கதைபோற் படிப்பவன் மூன்றாம் பக்கத்தில் உறங்கிவிடுவான். முதலிற் சுருக்கத்தையும் முடிவுரையையும் படித்து, இது நம் வினாவிற்கு விடைதானா என்று தெளிக. பின் அட்டவணைகளைப் பார்க்க. எத்தனை கிணறுகள், எந்தப் பருவம், எவ்வளவு ஆழம் என்று கேட்க. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு, அதனோடு ஒப்பிடுக. நெல்லூர்க் கிணற்றுக்குப் பொருந்தியது கெலமங்கலத்துக் கிணற்றுக்கும் பொருந்துமென்று அப்படியே எழுதிவிடலாகாது. பாறை வேறு, ஆழம் வேறு. ஆங்கிலம் கடினமே, யாமும் அகராதியோடுதான் படித்தோம். இரண்டாம் கட்டுரையில் அதே சொற்களே திரும்ப வரும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கேட்டுப் பட்டியல் வாங்குவோர், ஒவ்வொரு தலைப்பையும் தேடிக் கண்ணாற் கண்ட பின்னரே ஏட்டில் எழுதுக. இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர் பெயரும் ஆண்டும் கூட்டி அவை தந்துவிடுவதுண்டு. அப்படி எழுதி வாய்மொழித் தேர்வில் விழித்து நின்ற பிள்ளையையும் யாம் அறிவோம்.

நெல்லூர்க் கட்டுரையின் நகல்கள் பத்து கொணர்ந்திருக்கிறோம்; வாயிலருகே மேசைமேல் உள்ளன. அடுத்த மாதக் கூட்டத்திற்குள் அதைப் படித்து, விளங்காத சொற்களைக் கோடிட்டுக் கொண்டு வாருங்கள். அப்பெண்ணும் தன் ஊர்க் கிணறுகளின் அளவைகளோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.