விலைகொடுத்து வாங்கும் தடைச்சுவர்கள்

(பொழிவுரையின் எழுத்து வடிவம்)



கல்வி எல்லார்க்கும் பொது என்று மேடைகளில் முழங்காதவர் இலர். அப் பொதுமைக்கு ஊறு நேர்வது எங்கே என்று ஆராய்ந்து பார்ப்பவரோ மிகச் சிலர். வகுப்பறை வாயிலில் ஒரு மாணவனை நிறுத்தி, 'நீ உள்ளே வாராதே' என்று சொன்னால் ஊரே கொதித்தெழும். அதே தடையை ஒரு கணினித் திரை ஓசையின்றிச் செய்யும்பொழுது எவர் கண்ணிலும் படுவதில்லை. அத் தடையைப் பல்கலைக்கழகமே தன் பணத்தைக் கொட்டிக் கொடுத்து வாங்கி வருகின்றது என்பதுதான் கொடுமையினும் கொடுமை!

பார்வையற்ற மாணவர் கணினியைப் பயன்படுத்தும் முறையை முதலில் அறிதல் வேண்டும். திரையிலுள்ள எழுத்தைக் குரலாக மாற்றித் தரும் மென்பொருள் ஒன்று உண்டு. அதனைத் திரைபடிப்பி எனலாம். விளக்கக் குறிப்பில்லாத படத்தை அது படிக்காது. பெயரிடப்படாத பொத்தானை இன்னதென்று சொல்லாது. சுட்டியால் மட்டுமே இயங்கும் பக்கத்தில், விசைப்பலகையை நம்பியிருப்பவர் ஓரடியும் நகர முடியாது. காது கேளாதார்க்குப் படக்காட்சியின் அடியில் எழுத்துரை வேண்டும். கை நடுக்கமுற்றார்க்குத் தேர்வில் விடை குறிக்கும் காலத்தை நீட்டித் தர வழி வேண்டும். இவையெல்லாம் கருவியை உருவாக்கும்பொழுதே அமைக்க வேண்டியவை. வீட்டைக் கட்டி முடித்தபின் கடைக்கால் தோண்டுவார் உண்டோ?

இவ் வுண்மையை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டன. கூட்டரசின் பணவுதவி பெறும் எந்த அமைப்பும் உடற்குறையைக் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்னும் சட்டம் அந் நாட்டில் 1973-இல் இயற்றப்பெற்றது. அதன் 504-ஆம் பிரிவைச் செயற்படுத்தும் நெறிமுறைகள் நான்காண்டுகளாக வெளிவரவில்லை. 1977 ஏப்பிரலில் சான்பிரான்சிசுகோ நகரின் கூட்டரசு அலுவலகத்துள் மாற்றுத்திறனாளர் புகுந்து, மூன்று கிழமைக்கும் மேலாக அமர்ந்து போராடினர். அத் திங்கள் 28-ஆம் நாள் அமைச்சர் கையொப்பமிட்டார். கெஞ்சிப் பெற்றதன்று அவ் வுரிமை, போராடிப் பெற்றது.

முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. 2009-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம், பிரின்சுடன், ரீடு கல்லூரி முதலிய சில நிலையங்கள், பாடநூல்களுக்கு மாற்றாக அமேசான் குழுமத்தின் 'கின்டில் டி.எக்சு.' என்னும் மின்பொத்தகக் கருவியை ஆய்வு முறையில் மாணவர் கையில் கொடுக்க முன்வந்தன. அக் கருவி பொத்தகத்தைக் குரலெடுத்துப் படிக்கும். ஆயின், எந்தப் பொத்தகம் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பட்டியலை அது படிக்காது. படிக்கும் குரலைத் தூண்டிவிடும் இடத்தையும் சொல்லாது. பூட்டிய பெட்டிக்குள்ளேயே திறவுகோலை வைத்த கதை! கண்ணுடையார் ஒருவர் பக்கத்தில் இருந்தாலன்றிப் பார்வையற்ற மாணவர் அதனைத் தொடங்கவும் இயலாது.

பார்வையற்றோர் அமைப்புகள் இரண்டு ஒரு மாணவரோடு இணைந்து, 2009 சூனில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின்மேல் வழக்குத் தொடுத்தன. 2010 சனவரியில் உடன்பாடு ஏற்பட்டது. அடுத்த ஈராண்டில் மின்பொத்தகக் கருவிகளைப் பயன்படுத்த நேர்ந்தால், பார்வையற்றோரும் அணுகத்தக்கவற்றையே பயன்படுத்த முயல்வதாக அப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. ரீடு கல்லூரியும் வேறு சில நிலையங்களும் இன்னும் தெளிவாக, அணுகலில்லாக் கருவியை வாங்கவோ பரிந்துரைக்கவோ மாட்டோம் என்று அரசின் நயன்மைத் துறையோடு உடன்பட்டன. விசுகான்சின்-மாடிசன், சிராகியூசு ஆகிய பல்கலைக்கழகங்கள் அதற்கு முன்பே, குறை தீரும் வரையில் அக் கருவியைப் பரவலாக ஏற்கப்போவதில்லை என்று அறிவித்திருந்தன. விளைவென்ன? பட்டியலையும் குரலில் சொல்லும் வசதியைச் சேர்ப்பதாக 2009 திசம்பரில் அக் குழுமம் அறிவித்தது. அடுத்த ஆண்டில் வந்த புதிய கருவியில் அது சேர்ந்தும் வந்தது. வாங்குவோர் 'வேண்டா' என்று சொன்ன ஒரு சொல்லின் ஆற்றலைக் கண்டீர்களா?

2010 சூன் 29-இல் நயன்மைத் துறையும் கல்வித் துறையும் இணைந்து நாட்டிலுள்ள எல்லாக் கல்லூரித் தலைவர்க்கும் மடல் விடுத்தன. அணுகலில்லாக் கருவியை வகுப்பில் கட்டாயமாக்குவது சட்டமீறல் என்று அம் மடல் உரைத்தது. அவ் வாண்டு நவம்பரில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின்மேல் முறையீடு எழுந்தது. பாடமேலாண்மை மென்பொருள், நூலகப் பட்டியல், பேராசிரியர் நின்று பேசும் மின்மேடை, வளாகத்துப் பணவழங்கி ஆகிய யாவும் பார்வையற்றார்க்குப் பயன்படவில்லை என்பது குற்றச்சாட்டு. மாணவர் மட்டுமா? பார்வையற்ற பேராசிரியரும் வெளியே நிறுத்தப்பட்டார்! ஓராண்டு கழித்து உடன்பாடு வந்தது. வாங்குமுன் கேளாதவர் வாங்கியபின் திருத்துகின்றார். திருத்தச் செலவு தனி, வழக்குச் செலவு தனி, மாணவர் இழந்த காலமோ மீளாதது.

அப்படியானால் செய்ய வேண்டுவது என்ன? ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் நொடி வரைதான் வணிகன் பல்கலைக்கழகத்தின் சொல்லுக்குச் செவிசாய்ப்பான். ஆகவே, விலைப்புள்ளி கேட்கும் அறிக்கையிலேயே அணுகலைக் கட்டாயமென்று எழுதிவிட வேண்டும். 'அனைவர்க்கும் ஏற்றதாய் இருத்தல் வேண்டும்' என்று பொதுவாக எழுதுவது பயனற்றது. உலகளாவிய வலை உள்ளடக்க அணுகல் நெறிகள் என்னும் அளவுகோல் 1999 முதல் உள்ளது. உணரத்தக்கது, இயக்கத்தக்கது, விளங்கத்தக்கது, நிலைத்து இயங்கத்தக்கது என்னும் நான்கு தூண்களில் அது நிற்கின்றது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிவேறுபாடு 4.5-க்கு 1 என்னும் அளவில் இருத்தல் வேண்டும் என்பது போல, அளந்து பார்க்கத்தக்க கட்டளைகள் அதில் உள. அதன் 2.1-ஆம் பதிப்பின் இரண்டாம் படிநிலையை மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் உரிய அளவாக அமெரிக்க அரசு 2024 ஏப்பிரலில் வகுத்தது.

அடுத்து, வழங்குநர் தரும் தகுதியறிக்கை. அதனை எழுதுபவர் பெரும்பாலும் வணிகரே; தன் மோரைப் புளித்ததென்று எந்த ஆய்ச்சி சொல்வாள்? 'பகுதியளவு நிறைவேறுகின்றது' என்று எழுதிய இடத்திலெல்லாம், எந்தப் பகுதி நிறைவேறவில்லை என்று கேட்க வேண்டும். பார்வையற்றவரும் கை இயங்காதவரும் அக் கருவியில் பாடம் திறந்து, தேர்வெழுதி, மதிப்பெண் பார்த்துச் சொல்ல வேண்டும். கண்ட குறைகளை இன்ன நாளுக்குள் வழங்குநர் தம் செலவில் தீர்த்தல் வேண்டும், தவறினால் ஒப்பந்தம் முறியும் என்று எழுத்தில் பொறிக்க வேண்டும். குறையற்ற பொருளே சந்தையில் இல்லையென்றால், உள்ளவற்றுள் சிறந்ததைக் குறுங்காலத்துக்கு மட்டும் வாங்கி, மாற்று வழியை வகுப்புத் தொடங்குமுன் அணியமாக வைத்தல் வேண்டும்.

'ஒருவர் இருவர்க்காக இத்துணைச் செலவா?' என்பார் உளர். கலிபோர்னிய மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு, வலைத்தளம், பாடப்பொருள், கொள்முதல் ஆகிய மூன்றையும் ஒரே அணுகல் திட்டத்துள் கட்டியுள்ளது. இருபதுக்கும் மேற்பட்ட வளாகங்கள் ஒன்றாய் நின்று கேட்டால், வணிகன் ஒருமுறை திருத்துவான், எல்லாரும் பயன்பெறுவர்.

இனி, இந் நாட்டு நிலை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம், அரசு உயர்கல்வி நிலையங்களில் நூற்றுக்கு ஐந்துக்குக் குறையாத இடங்களை அவர்க்கு ஒதுக்குகின்றது. அதன் 42-ஆம் பிரிவு மின்னணு உள்ளடக்கம் அணுகத்தக்கதாய் இருத்தலைக் கூறுகின்றது. கருவிகளுக்கு இ.த. 17802 என்னும் இந்தியத் தர அளவும் உண்டு. அணுகல் நெறிகள் வெறும் பரிந்துரையாய் நிற்றல் சட்டத்துக்கு முரண் என்று உச்ச நயன்மன்றம் 2024 நவம்பர் 8-இல் தீர்ப்பளித்தது. சட்டம் இருக்கையைக் கொடுக்கின்றது. அணுகலில்லாத் திரை அதனைப் பறித்துக்கொள்கின்றது!

தமிழர்க்கு இதில் தனிக் கடமை ஒன்று உண்டு. பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ், கண்ணுக்குத் தமிழாய்த் தோன்றும். திரைபடிப்பிக்கோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாய்க் கேட்கும். ஒளிவருடிப் படமாய் வைத்த தமிழ்நூலும் அதற்கு ஊமைப் படமே. பக்கத்தின் மொழி தமிழென்று உள்ளே குறிக்காவிடின், ஆங்கிலக் குரல் தமிழைக் குதறும், அல்லது வாய்மூடிக் கடக்கும். 1991 முதல் ஒருங்குறியில் தமிழுக்கு இடம் உண்டு. தமிழ்நாட்டரசும் 2010-இல் அதனை ஏற்றது. ஆகவே, இங்குள்ள பல்கலைக்கழகம் மென்பொருள் வாங்கும்பொழுது, தமிழ் உள்ளடக்கம் முழுதும் ஒருங்குறியில் இருக்கின்றதா, தமிழ்க் குரல் அதனைப் பிழையின்றிப் படிக்கின்றதா என்று தேர்ந்து பார்த்த பின்னரே பணம் கொடுத்தல் வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் பேசும் கருவி, தமிழ்வழிப் பயிலும் பார்வையற்ற மாணவனை இருமுறை ஒதுக்குகின்றது.

ஆட்சிக்குழுவில் அமர்ந்திருப்போர் கேட்கட்டும்! கொள்முதல் அலுவலர் கேட்கட்டும்! மாணவர் மன்றங்கள் கேட்கட்டும்! 'இதனை எல்லாரும் பயன்படுத்த முடியுமா? மெய்ப்பித்துக் காட்டுக!' என்னும் அவ்வொரு வினாவைக் கையொப்பத்துக்கு முன்னே கேட்டால், மாணவன் ஒருவன் தன் படிப்பைப் பாதியில் விடாமல் முடிப்பான். ஊர்ப்பணம் ஊரார் அனைவர்க்கும் வாயில் திறக்க வேண்டும். சுவர் எழுப்புதற்கு அது செலவாதல் கூடாது!