முப்பத்தோராம் நாளுக்குப் பிறகு

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"சுகாதாரத்தைப் பற்றி ஏதாவது பேசுங்கோ" என்றுதான் சங்கத்தில் கேட்டார்கள். சீனி வருத்தத்தைப் பற்றியும் பிறசரைப் பற்றியும் நீங்கள் வேண்டிய அளவு கேட்டிருப்பீர்கள். எங்கள் கிளினிக் அட்டைகளில் எழுதப்படாத ஒரு வருத்தத்தைப் பற்றி இன்று பேசுவோம். துணையை இழந்தவர்களின் தனிமையே அது. இந்த மண்டபத்தில் அதை அறியாத வரிசை இராது. எங்கள் தாய்மார் அதில் இருந்தார்கள். இப்போது நாற்பதுகளில் இருக்கும் எங்கள் வகுப்புத் தோழிகளிலும் சிலர் அந்த வரிசைக்கு வந்துவிட்டார்கள்.

அல்லைப்பிட்டியில் இருந்து தொடங்குவோம். பண்ணைப் பாலத்தால் போய், மண்டைதீவுச் சந்தியைத் தாண்டினால் வருகிற ஊர். கடலும் பனையும் மணலும் உப்புத்தண்ணீரும் உள்ள சின்ன ஊர். அங்கிருந்து எங்கள் வகுப்புகளுக்கு வந்த பிள்ளைகள் பலர். 1990 ஆகஸ்டில் அல்லைப்பிட்டியிலும் மண்டைதீவிலும் வேலணையிலும் சுற்றிவளைத்துப் பிடித்துச் செல்லப்பட்ட ஆண்களில் பெருந்தொகையானோர் திரும்பி வரவில்லை. 2006 மே 13ஆம் திகதி இரவு அல்லைப்பிட்டியில் ஒரு வீட்டுக்குள் குழந்தைகள் உட்படப் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் திகதி, புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மேல் எறிகணைகள் வீழ்ந்தன. ஒரு வாரம் கழித்து, அந்த மக்களுக்குத் துணை நின்ற பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளாரும் அவருடன் போன குடும்பஸ்தர் ஒருவரும் காணாமற் போனார்கள். ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. பிறகு திரும்பி வந்து கூரை போட்டு, கிணறு இறைத்து, மரம் நட்டது.

1990இல் இருபத்தைந்து, முப்பது வயதாக இருந்த பெண்கள் இன்று அறுபதைத் தாண்டியிருக்கிறார்கள். பிள்ளைகளை வளர்த்து, படிப்பித்து, கரைசேர்த்துவிட்டார்கள். "எவ்வளவு தைரியமான மனுசி" என்று ஊர் சொல்லும். அந்தத் தைரியத்துக்குள் முப்பத்தைந்து வருடமாக ஒரு கோப்பைத் தேத்தண்ணியைத் தனியே குடித்த கதை இருப்பதை ஊர் கேட்பதில்லை.

அவர்களிலும் இரண்டு விதம் உண்டு. உடலைக் கண்டு, தகனம் செய்து அல்லது அடக்கம் செய்து, அழுதவர்கள் ஒரு விதம். எதையும் காணாதவர்கள் மற்ற விதம். பொட்டு வைத்தால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் அவரைச் சாகக் கொடுத்த மாதிரி ஒரு குற்ற உணர்வு. திவசம் செய்வதா, நேர்த்தி வைப்பதா என்று தெரியாத வாழ்க்கை. போலின் பொஸ் என்ற அமெரிக்க அறிஞர் இதனைத் தெளிவற்ற இழப்பு என்ற பொருளில் பெயரிட்டு ஆராய்ந்தார். முடிவு தெரியாததால் துக்கம் உறைந்து நின்றுவிடுகிறது என்பது அவர் கண்டது. இறந்துவிட்டார் என்று கையெழுத்திட மனம் வராத குடும்பங்களுக்காக, காணப்படவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழுக்கு 2016இல் இலங்கையில் சட்டம் வந்தது. காணி, வங்கி, பிள்ளைகளின் அலுவல்களுக்கு அது உதவும். ஆனால் மாலை ஆறு மணிக்கு படலைச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்க்கிற கண்ணுக்கு எந்தச் சான்றிதழும் உதவாது. இவர்களிடம் "அவர் இனி வரமாட்டார், மறவுங்கோ" என்று சொல்லும் உரிமை எங்களில் ஒருவருக்கும் இல்லை. நம்பிக்கையை வைத்துக்கொண்டே வாழ்க்கையையும் நடத்தலாம் என்று சொல்ல மட்டும் முடியும்.

எங்கள் முன்னோர் துக்கத்தைத் தெரியாதவர்கள் அல்லர். செத்தவீடு என்றால் ஊரே கூடும். அடுப்பு மூட்டாத வீட்டுக்கு அயலில் இருந்து சாப்பாடு வரும். எட்டுச்செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி, கத்தோலிக்க வீடுகளில் 31ஆம் நாள் திருப்பலி என்று ஆட்களை வரவழைக்கும் நாட்கள் வரிசையாக இருக்கின்றன. இந்த ஒழுங்கு ஒரு நல்ல மருந்து. ஆனால் அது 31ஆம் நாளோடு முடிகிறது. பந்தல் கழன்று, வாடகைக் கதிரை போய், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு விமானம் வந்துவிடும். 32ஆம் நாள் காலையில் வீட்டில் ஒரு ஆள். ஆட்கள் வேண்டிய காலம் அன்றுதான் தொடங்குகிறது.

வைத்தியமும் இதையே சொல்கிறது. 1969இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளிவந்தது. மனைவியை இழந்த, 55 வயதும் அதற்கு மேலுமான 4,486 ஆண்களை ஒன்பது வருடம் கவனித்தார்கள். முதல் ஆறு மாதத்துக்குள் 213 பேர் இறந்துவிட்டார்கள். அதே வயதுத் திருமணமான ஆண்களில் எதிர்பார்க்கக்கூடியதைவிட இது 40 வீதம் அதிகம். கூடிய மரணங்களில் பெரும் பங்கு இருதய நோயால் வந்தது. 1990இல் யப்பானிய வைத்தியர்கள் இன்னொன்றை விபரித்தார்கள். பெரும் அதிர்ச்சிக்குப் பின், மாரடைப்புப் போலவே நெஞ்சு நோவு வரும்; ஆனால் இரத்தக் குழாயில் அடைப்பு இராது. இருதயத்தின் ஒரு பகுதி ஊதி, ஒக்டோபஸ் பிடிக்க அங்குள்ள மீனவர்கள் கடலில் இறக்கும் பானையின் வடிவத்துக்கு வரும். அந்தப் பானையின் பெயரையே நோய்க்கும் வைத்தார்கள்: தக்கோட்சுபோ. மாதவிடாய் நின்ற பெண்களிலேயே இது கூடுதலாக வருகிறது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். ஆகவே துக்க வீட்டில் ஒருவர் "நெஞ்சுக்குள்ள நோகுது" என்றால், அழுததால் என்று விட்டுவிடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுவாருங்கள்.

இனி அன்றாடத்துக்கு வருவோம். தேற்றுதல் என்பது பெரிய வார்த்தைகளில் இல்லை என்பதை கிளினிக்கில் இருந்து படித்திருக்கிறோம். துணையை இழந்தவர்கள் எங்களிடம் சொல்வது பெரும்பாலும் சின்ன விசயங்கள். ஒருவருக்கு எவ்வளவு அரிசி போடுவதென்று கை பழகவில்லை. மீன்காரன் வந்து மணி அடித்தால், ஒரு ஆளுக்கு என்னத்தை வாங்குவது என்று போகாமல் விடுகிறார்கள். இரவில் பாணும் பிளேன்ரீயும் போதும் என்று நினைக்கிறார்கள். மூன்று மாதத்தில் நிறை குறைகிறது, சீனி ஏறி இறங்குகிறது. குளிசை போட்டாச்சா என்று கேட்க ஆள் இல்லாதபடியால் பிறசர்க் குளிசை தவறுகிறது. விடிய மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் மறுபடி நித்திரை இல்லை. ஆண்கள் இன்னும் பாவம். அரிசிப் பேணி எங்கே இருக்கிறது என்று தெரியாத அப்பாமார் எங்கள் எல்லோர் வீட்டிலும் இருக்கிறார்கள்.

அதனால்தான் ஆறுதலை நேரத்தோடும் சாப்பாட்டோடும் சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்கிறோம். "ஏதும் தேவையெண்டால் சொல்லுங்கோ" என்பதால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். "செவ்வாய்க்கிழமை கறியோட வாறன், இரண்டு பேரும் இருந்து சாப்பிடுவம்" என்றால் அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியும். எங்கள் ஒடியற் கூழை நினைத்துப் பாருங்கள். மீனும் நண்டும் றாலும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்டு அதை ஒரு ஆளுக்குக் காய்ச்ச முடியாது. பெரிய பானை, சுற்றி இருக்க ஆட்கள், பிலா இலை எல்லாம் வேண்டும். மாதம் ஒரு முறை அயலில் ஒரு வீட்டு முற்றத்தில் கூழ் காய்ச்சினால் அது மருந்துக்குச் சமம். தீவுப் பகுதியில் பெண்கள் கூடியிருந்து பனங்கிழங்கு கிழிப்பதும் பாய் இழைப்பதும் இப்படித்தான். கை வேலை செய்யும்போது வாய் தானாகத் திறக்கும். எதிரே இருந்து "கவலையைச் சொல்லுங்கோ" என்றால் வராத கதை, பக்கத்தில் இருந்து கிழங்கு கிழிக்கும்போது வரும்.

இழந்தவருக்கு நல்ல துணை இழந்தவரே. 1960களில் பொஸ்ரனில் பிலிஸ் சில்வர்மன் என்ற ஆய்வாளர் இதையே ஒரு திட்டமாகத் தொடங்கினார். புதிதாகக் கணவனை இழந்தவரை, முன்னர் இழந்து மீண்ட ஒரு பெண் போய்ச் சந்திப்பார். அவர் வைத்தியரும் இல்லை, ஆலோசகரும் இல்லை. "எனக்கும் நடந்தது" என்று சொல்லக்கூடிய ஒருவர், அவ்வளவுதான். அல்லைப்பிட்டி போன்ற ஊர்களில் இந்த அனுபவத்துக்குக் குறைவே இல்லை. அதை ஒழுங்கு செய்ய ஆள் இல்லாததே குறை.

சிலர், சிரித்தால் குற்றம் என்று நினைக்கிறார்கள். நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் 1999இல் எழுதிய கட்டுரை ஒன்றில், துக்கப்படுபவர் அழுகைக்கும் அன்றாட வாழ்வுக்கும் இடையில் மாறி மாறிப் போய்வருவதே இயல்பான தேறுதல் என்று காட்டினார்கள். காலையில் படத்துக்கு முன்னால் அழுது, பின்னேரம் பேரப்பிள்ளையோடு விழுந்து விழுந்து சிரிப்பது துரோகமில்லை.

இங்கே எங்கள் சமூகத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். கலியாண வீட்டில் முன்வரிசையில் இருந்தவர், கணவர் போனபின் குசினிப் பக்கம் ஒதுங்குகிறார். அவரை யாரும் துரத்துவதில்லை. அழைக்காமல் விடுகிறோம், அதுவே போதுமாக இருக்கிறது. மகளின் கூறைச் சேலையைத் தொட்டுக் கொடுக்கத் தாயே தயங்குகிறார். அறிவுக்காக நூறு வருடம் நடந்த ஒரு பெண்கள் பாடசாலையின் பிள்ளைகள் நாங்கள். சிறுவயதிலேயே கைம்பெண்ணான சுப்புலட்சுமி என்ற சென்னைப் பெண் 1911இல் பட்டதாரியாகி, தன்னைப் போன்ற பெண்களுக்கு இல்லம் அமைத்துப் படிப்பித்தார். அதற்குப் பிறகும் நாங்கள் ஆரத்தித் தட்டுக்கு ஆள் தேடும்போது கழுத்தைப் பார்க்கலாமா? எங்கள் வீட்டு அடுத்த நல்ல காரியத்தில், கணவனை இழந்த அக்காவை, மாமியை, முன்னுக்கு அழைத்து நிறுத்துவோம். ஒரு வீடு செய்தால் அடுத்த வீடு செய்யும்.

மறுமணத்தைப் பற்றிப் பேசினால் சிலருக்கு முகம் சுருங்கும். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் பதிந்த தேசவழமையே, கணவனை இழந்த தாய் மறுமணம் செய்யும்போது முதல் மணத்துப் பிள்ளைகளின் சொத்து என்னாவது என்று விதி சொல்கிறது. நடக்காத விசயத்துக்கு ஒருவரும் விதி எழுதுவதில்லை. எல்லோரும் மறுமணம் செய்யவேண்டும் என்பதல்ல எங்கள் பேச்சு. வேண்டாம் என்பவரை வற்புறுத்தவும் கூடாது, வேண்டும் என்பவரைப் பிள்ளைகள் வெட்கப்படுத்தவும் கூடாது. ஐம்பது வயதில் ஒருவர் இன்னொருவரோடு இருந்து தேத்தண்ணி குடிக்க ஆசைப்படுவது அப்பாவை மறந்ததாகாது.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து வாசிக்கப்போகிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. அம்மாவைக் கூப்பிட்டு வைத்திருப்பது நல்லது. ஆனால் நீங்கள் வேலைக்குப் போனபின் பத்து மணிநேரம் அவர் யன்னலால் பனியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பஸ் ஏறப் பழக்குங்கள். கோயிலிலோ தேவாலயத்திலோ முதியோர் சங்கத்திலோ அவருக்கென்று இரண்டு சிநேகிதிகள் கிடைக்கும்வரை உங்கள் கடமை முடியவில்லை. ஊரிலேயே இருக்க விரும்பினால் அதையும் மதியுங்கள். கமரா பூட்டினால் அவரைப் பார்க்கலாம். அவரோடு இருந்து சாப்பிட அயலில் ஒருவர் வேண்டும்.

எப்போது வைத்தியரிடம் வரவேண்டும்? உலக சுகாதார நிறுவனத்தின் 2022இல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டில், நீடித்த துக்கம் ஒரு நோயாகச் சேர்க்கப்பட்டுள்ளது. ஆறு மாதம் கடந்தும், அவரவர் ஊர் வழக்கத்தையும் மிஞ்சி, நாளாந்த வாழ்க்கையை நடத்தவிடாமல் துக்கம் அழுத்தினால் உதவி தேவை. சாப்பிடாமை, நித்திரையின்மை, மதுப் பழக்கம், "நானும் போயிட்டால் நல்லம்" என்ற பேச்சு இவற்றுக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம், அன்றே வாருங்கள். இலங்கையில் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் மனநலத் துறையினரோடு பேசலாம். யாழ்ப்பாணத்தில் சாந்திகம் போன்ற நிலையங்கள் உளவளத்துணை வழங்குகின்றன. 35 வயதைக் கடந்தவர்கள் சுகவனிதையர் கிளினிக்கில் பிறசர், சீனி பார்க்கும் சாட்டிலாவது வரலாம். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் நாளைக் கேளுங்கள்.

சங்கத்திடம் மூன்று கோரிக்கைகள். ஒன்று, எங்கள் மாணவி ஒருவர் துணையை இழந்தால், மலர்வளையத்தோடு நின்றுவிடாமல், 32ஆம் நாள் அவர் வகுப்புத் தோழி ஒருவர் வீட்டுக்குப் போகவோ தொலைபேசி எடுக்கவோ ஒழுங்கு செய்வோம். ஒரு வருடம், ஆட்டைத் திவசம்வரை, மாதம் ஒரு தடவை அது தொடரட்டும். இரண்டு, அந்தப் பாதையால் நடந்து வந்த மாணவிகளில் விரும்புபவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று சங்கத்தில் இருக்கட்டும். புதிதாய் இழந்தவருக்கு அவர்களே துணை. மூன்று, நூற்றாண்டு நிதியில் ஒரு சிறு பங்கை அல்லைப்பிட்டியிலும் அயல் தீவுகளிலும் கூடியிருந்து வேலை செய்யப் பெண்களுக்கு ஓர் இடத்துக்காக ஒதுக்குவோம். கூரை, குடிதண்ணீர், பெரிய பானை ஒன்று இருந்தால் தொடங்கலாம்.

இந்தப் பாடசாலை இடம்பெயர்ந்த காலங்களில், மரத்தடியிலும் இரவல் கொட்டிலிலும் ஒரே வாங்கில் நெருங்கியிருந்து படித்தோம். பக்கத்தில் இருப்பவளின் புத்தகத்தையும் சாப்பாட்டையும் பங்கிட்டோம். அவள் அழுதால் ஏன் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. கொஞ்சம் தள்ளியிருந்து இடம் கொடுத்தோம். அந்த வாங்கில் எங்களுக்குப் பக்கத்தில் இருந்தவர் இன்று எங்கே இருக்கிறார், யாரோடு சாப்பிடுகிறார் என்று இந்த வாரமே விசாரியுங்கள்.